இரண்டாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒரு ஜெபம்

“யாராவது ஜெபிக்க விரும்பினா ஜெபிக்கலாம்” என்று சாலமோன் சொல்லி வாயை மூடவில்லை, பிரஸ் ஆபரேட்டர் கேசவன் கையைத் தூக்கிவிட்டார்.

சாலமோன் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். போயும் போயும் இன்றைக்கா? செங்கல்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பாஸ்டர், கையில் பைபிளோடு பக்கத்திலேயே நிற்கிறார்.

வரவழைத்ததும் சாலமோன்தான். “எங்க ஷெட்ல வேலை செய்யறவங்க எல்லாரும் இந்துக்கள் பாஸ்டர். ஆனா அவங்களே வாய் திறந்து ஜெபிக்கிறாங்க. நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும்” என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெருமையடித்திருந்தான். என்ன ஜெபிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என்ஜினீயரிங் முடித்துக் கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்கு பஸ் ஏற, சாலமோன் மறைமலைநகர் பக்கம் ஒரு ஷெட் பிடித்து, கார் கம்பெனிகளுக்குப் பிரஸ் மெஷினில் தகடு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கிறிஸ்தவனாக இருப்பதில் அவனுக்கு உடன்பாடு இல்லை. தொழிலும் ஆண்டவருடையதுதான் என்று போர்டிலேயே எழுதி வைத்தான். காலையில் மெஷினைப் போடுவதற்கு முன்னால் ஜெபம்.

“கட்டாயம் இல்ல. இஷ்டம் இருந்தா வரலாம்” என்றான்.

சம்பளம் கொடுக்கிறவர் ‘இஷ்டம் இருந்தா’ என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் யாரும் அந்த ஷெட்டில் இல்லை.

மாதக்கணக்கில் அவன் ஒருவனே ஜெபித்துக்கொண்டிருந்தான். போன வாரம்தான் கேசவன் முதல்முதலாக வாயைத் திறந்தார். சாலமோனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏசப்பா, கக்கூசு கதவுக்குத் தாப்பா இல்ல. உள்ள போறவன் பாட்டு பாடிக்கினே உக்கார வேண்டியதா கீது. பாத்து செய்யி. ஆமென்.”

பழக்க தோஷத்தில் சாலமோனும் ஆமென் சொல்லித் தொலைத்தான். சொன்ன பிறகு எப்படித் தட்டிக் கழிப்பது? சாயந்திரமே தாழ்ப்பாள் வந்தது.

மறுநாள் பேக்கிங் வச்சலா, டீயில் கொஞ்சம் பாலையும் காட்டும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டாள். அதற்கும் ஆமென். அடுத்த நாள் ஃபேன் ஓடவில்லை என்று ஒரு விண்ணப்பம். இவர்கள் ஆண்டவரைத் தேடுகிறார்களா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு நம்மைக் கிண்டல் பண்ணுகிறார்களா என்று சாலமோனுக்குத் தூக்கமே போய்விட்டது.

இப்போது பாஸ்டர் முன்னால் கேசவன் கை கூப்பி நிற்கிறார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சாலமோன் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

“ஏசப்பா, நம்ம ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸு கீதே, அது பெடல மிதிக்காமயே சில தபா தானா எறங்குது. நேத்து நம்ம ஹெல்பர் பையன் தேவாவோட வெரலு மயிரிழையில தப்பிச்சுது. புள்ளைக்கு வர்ற தையில கண்ணாலம். மாமியார் வூட்ல மோதிரம் போடுவாங்க. போட வெரலு வேணும். எங்க மொதலாளி நல்லவரு. அவரு காதுல நீயே கொஞ்சம் போட்டு வையி. ஆமென்.”

“ஆமென்” என்று எல்லோரையும் விட உரக்கச் சொன்னது பாஸ்டர்தான். சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். கண்ணைத் திறந்து, எல்லோரும் திரும்பிப் பார்த்த தேவாவின் கையை முதலில் பார்த்தார். அப்புறம் சாலமோனைப் பார்த்தார்.

“எது தம்பி அந்த மெஷின்?”

வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு போயாக வேண்டும். பிரஸ் நின்றால் ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆனால் பாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே. சாலமோன் விறுவிறுவென்று போய் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் மெயினை அணைத்தான். “ரிப்பேர் முடியற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது” என்றான். தேவா மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மானம் போனது அவனுக்கு ஆறவில்லை. பாஸ்டரை ரூமில் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, கேசவனைக் கூப்பிட்டான்.

“நீங்க சொன்னது நல்ல விஷயம்தான் கேசவன். ஆனா ஜெபம்ங்கறது புகார்ப் பெட்டி இல்ல. எங்கிட்ட சொல்ல வேண்டியத நேரா எங்கிட்ட சொல்லணும். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருக்க மாட்டேனா? ஒரு ஆர்டருக்காக அடுத்தவன் வெரலைப் பணயம் வைக்கிறவனா நான்?”

பாஸ்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். “தம்பி சொல்றது நியாயம்தான்” என்றார்.

கேசவன் தலையைச் சொறிந்தார்.

“நேராதான் சார் சொன்னேன். மூணு தபா சொன்னேன்.”

“எப்ப?”

“நீங்க கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருந்தீங்க. ஒவ்வொரு தபாவும், ‘ஜெபம் பண்ணுங்க கேசவன், ஆண்டவர் பாத்துக்குவார்’னு சொன்னீங்க.”

பாஸ்டரின் டீ பாதி வழியில் நின்றது. சாலமோனுக்குக் காது வரை சுட்டது. யார் எதைக் கேட்டாலும் அவன் வாயில் தானாக வருகிற பதில் அது.

கேசவன் மட்டும் சொல்ல வந்ததை நிறுத்தவில்லை.

“நானும் மொதல்ல எங்க தெரு அம்மன் கிட்டதான் சார் வேண்டிக்கினேன். அவ இன்னா பண்ணுவா பாவம், மிசினு உங்களுது. அதான் நீங்க யாரு பேச்சக் கேப்பீங்களோ, அவரு கிட்டயே போயி சொல்லிட்டேன்.”