ஐந்தாம் பாரம்

அழகுமீனா மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் ரோஷினி பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கிறவர்களுக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதுபோல் தெரியும். அட்டைதான் தலைகீழ். ஒட்டும்போது மாறிப்போன பிரதி என்பதால்தான் பிரஸ்ஸில் அதை அழகுமீனாவுக்குச் சும்மா கொடுத்தார்கள்.

அழகுமீனா குனிந்து பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு.

அடுத்த தாளைத் திருப்பினால் பதினொன்றாம் பாரம்.

அரைமணி நேரம் முன்புவரை பதினொன்றாம் பாரத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்தாம் பாரம்தான்.

சிவகாசி பிரஸ்ஸில் அவளுக்கு மடிப்பு வேலை. பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மடித்தால் ஒரு பாரம். ஆளுக்கொரு பாரம் என்று பிரித்துக்கொள்வார்கள். ஐந்தாம் பாரத்துக்காரி ஆயிரம் தாளானாலும் அதையேதான் மடிப்பாள், டீ குடிக்கிற நேரத்தில் அதையேதான் படிப்பாள். அப்படி இந்த வருஷத்தில் மட்டும் அழகுமீனா ஒன்பது புது நாவல் படித்துவிட்டாள். ஒன்பதிலும் அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து எண்பது வரை.

அந்தத் தைரியத்தில்தான் மகளுக்குச் சிபாரிசு செய்தாள்.

அவள் புருஷன் நாகையா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் நான்கு பேர், அதில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு ரோஷினியின் பேச்சு வேணும், வேண்டாம் என்கிற அளவில் நின்றுபோனது. அழகுமீனாவும் அவரைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. எடுத்தால் பிள்ளை உடைந்துவிடும் என்று பயம்.

பத்தாம் வகுப்பு டீச்சர்தான் கூப்பிட்டுச் சொன்னார். இந்த வயசுப் பிள்ளைகளுக்கென்றே இப்போது புதுசு புதுசாக நாவல் வருகிறதாம், நல்லதாக ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்று.

அழகுமீனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. புது நாவலைப் பற்றி அவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? கடைக்குப் போகுமுன் அவள் கைக்கல்லவா வருகிறது! ஒரு நாளெல்லாம் யோசித்து ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதில் இரண்டு பெண்கள் பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டு இருக்கன்குடிக்குப் பஸ் ஏறுகிறார்கள். அங்கே நேர்த்திக்கடனுக்கு வந்த கிடா ஒருத்தியின் கணக்கு நோட்டைத் தின்றுவிடுகிறது. அதைப் படித்து அவள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். காலாண்டு லீவு விட்ட அன்று, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று சொல்லித்தான் மகள் கையில் கொடுத்தாள்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பாலம்மாள் கையில் எடுத்த சோற்றை அப்படியே சட்டியில் போட்டாள்.

"அதையா குடுத்தே? பதினொன்னாம் பாரம் நான்தான மீனா மடிச்சேன். கதையில வர்ற புள்ளையோட அப்பன் பட்டாசு ஆலையிலல்லா செத்துப்போறான். ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள் அழகுமீனா.

இப்போது பிடுங்கிவிடலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவசரத்துக்கு ஒரு பொய் வரவில்லை. அதற்குள் ரோஷினி தாளைத் திருப்பிவிட்டாள்.

அழகுமீனா எதிரே உட்கார்ந்தாள். அழுதால் பிடித்துக்கொள்ள வேண்டும், இனி அதுதான் செய்ய முடியும்.

ஒரு பக்கம் போனது. இரண்டு, மூன்று போனது. பிள்ளை அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது, தெரிந்த பாடத்தை ஒப்பிப்பதுபோல.

"போதும்த்தா, வச்சிரு."

"முந்தாநேத்தே முடிச்சிட்டேன்மா. இந்த எடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிக்கேன்."

ரோஷினி தலையை நிமிர்த்தினாள். இத்தனை நாளில் அவள் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"இதுலயும் அந்தப் புள்ளைக்கு அப்பா மொகத்தைக் காட்ட மாட்டாக. நீ பாத்தியான்னு அவ அம்மாகிட்ட கேப்பா, அம்மா பதிலே சொல்லாது. நீ சொல்லணும்னுதானம்மா இதைத் தேடிக் குடுத்தே?"

கிடா கணக்கு நோட்டைத் தின்றது. அதற்கு மேல் அந்த நாவலில் அழகுமீனாவுக்கு ஒன்றும் தெரியாது.

"ஆமா" என்றாள்.

சோறு காய்ந்துபோயிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் மொகத்தைக் காட்டலத்தா. சட்டையைத்தான் காட்டுனாக. அதுக்கு முந்தின நாளு பையி கிழிஞ்சிருக்குன்னு நீ பச்சை நூல்ல கோணல் மாணலாத் தச்சுக் குடுத்தேல்ல? அதைப் பாத்துத்தான் உங்க அப்பான்னு சொன்னேன்."

ரோஷினி அடையாளம் எதுவும் வைக்காமல் புத்தகத்தை மூடினாள்.