எதிர்க்கடை

“அந்தத் தையல்காரருக்கு என்ன திமிர் பாருங்க! பையில ஜிப் மாத்தணும்னு சொன்னா, நிமிர்ந்துகூடப் பாக்கல. ‘அதெல்லாம் இங்க இல்ல, எதிர்ல போங்க’ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்றார்.”

பொரிந்து தள்ளிய பெண்ணிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள் ஜிப் அக்கா.

“விடுங்க. அரை மணி நேரத்துல வாங்க, மாத்தி வெச்சிடறேன்.”

தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. ஜிப், பட்டன், பேன்ட் உயரம் குறைப்பது, கிழிசல் தைப்பது என்று எல்லாச் சின்ன வேலையும் அவளிடம்தான்.

கணவன் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, சிறுதொழில் பயிற்சி வகுப்பில் பத்து நாள் போய் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து ஆரம்பித்த கடை. இந்தத் தெருவில்தான் வாடகை கட்டுப்படியானது. ஆனால் நேர் எதிரே, இருபது வருஷமாக இருக்கிற தையல்கடை.

முதல் எட்டு நாள் ஈ ஓட்டினாள்.

“இன்னும் ஒரு வாரம் பாப்போம். இல்லேன்னா மெஷினைக் கொடுத்துடலாம்” என்றான் கணவன்.

ஒன்பதாம் நாள் ஒருவர் பேன்ட்டோடு வந்தார். எதிர்க்கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் இரண்டு பேர். அடுத்த வாரம் மெஷினுக்கு எண்ணெய் போடக்கூட நேரமில்லை. ஒன்றரை வருஷத்தில் மூன்று மெஷின், உதவிக்கு இரண்டு பெண்கள்.

போன வாரம் அதே பயிற்சி வகுப்பில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

“பக்கத்துலயே பழைய கடை இருந்தும் எப்படிக்கா ஜெயிச்சீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவருக்குத் தலைக்கனம்ங்க. கோட்டு, சூட்டுன்னாதான் தொடுவார். அவர் வேண்டாம்னு தள்ளினதை நான் எடுத்துக்கிட்டேன். போட்டிக்காரங்க பண்ற தப்பைக் கவனிச்சாலே போதும், தொழில் வந்துடும்.”

கைதட்டல் அடங்கவே நேரமானது. வீட்டுக்கு வந்தும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

இன்று அந்தப் பைக்கு மெரூன் நிறத்தில் ஜிப் வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் அந்தப் பெண் வந்துவிடுவாள்.

வேறு வழியில்லாமல் முதல்முறையாகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

தையல்காரர் ஒரு கோட்டின் காலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் எழுந்து வந்தாள்.

“அக்கா, மெரூன் ஜிப் ஏதாவது கிடைக்குமா? சும்மாதான் கேட்டேன். இங்க இருக்காதுன்னு தெரியும்.”

“இருக்காதா? நல்லா கேட்ட போ!”

அந்த அம்மா இழுப்பறையை இழுத்தாள். நிறவாரியாக, அளவுவாரியாகக் கட்டிவைத்த ஜிப்கள். அடுத்ததில் முழுக்கப் பட்டன்கள்.

“இவ்வளவு எதுக்குக்கா? அவர்தான் ஜிப் மாத்தறதே இல்லையே!”

“யார் சொன்னா? இருபது வருஷமா இந்தத் தெருவுக்கு ஜிப் மாத்தினதே இவர்தான். நீ கடை திறந்து, வாசலையே பாத்துக்கிட்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தல்ல? அப்போ நிறுத்தினார். ‘அந்தப் பொண்ணு காலூன்றட்டும், சின்ன வேலையெல்லாம் இனிமே அங்கதான்’னு சொல்லிட்டார். அதுக்காக ஊர்ல எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கறார் தெரியுமா?”

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அன்றைக்குக் கேட்ட கைதட்டல் இப்போது வலித்தது.

“அண்ணே... நிஜமாவா?” அவர் பக்கம் திரும்பினாள்.

தையல்காரர் நிமிரவே இல்லை.

“அவ கிடக்கா, ஏதாவது அளப்பா. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சும்மா. பொடி வேலை எதுவும் சரியாத் தெரியறதில்ல. வேற ஒண்ணுமில்ல, ஜிப்பை எடுத்துட்டுப் போ.”

சொல்லிக்கொண்டே, கண்ணாடிகூடப் போடாமல், கறுப்பு நூலை எடுத்து ஊசியில் கோத்தார். ஒரே தடவையில்.