தண்ணீர் வந்தால் தங்கலாம்

"இன்னிக்கே முடிவு தெரிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டபடி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீக் குவளையை நீட்டினார் சாப்பாட்டுக்கடை அங்கிள்.

"தெரிஞ்சிடும் அங்கிள். கவலைப்படாதீங்க," என்றாள் சிவதர்ஷினி. தன்னிடம் இல்லாத தைரியத்தை அவருக்குக் கொடுத்தாள்.

பம்பு இருக்குமா போகுமா, முடிவு எப்போது தெரியும் என்று அவள் இந்தச் சந்துக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்பார். பாவம், அந்தப் பம்பு மேல் மனிதருக்கு எவ்வளவு பாசம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கச் சந்தில், அவர் கடை வாசலுக்கு நேர் எதிரே நின்றது அந்தப் பழைய அடிபம்பு. ஒரு காலத்தில் சந்துக்கே தண்ணீர் கொடுத்தது. சிவதர்ஷினி கிளமெண்டி அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு எப்படியோ இந்தப் பம்புகள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. எட்டு மாதமாக வார இறுதியெல்லாம் வெயிலில் அலைந்து, நகரத்தில் மிஞ்சியிருந்த பம்புகளைப் பட்டியல் போட்டாள். மொத்தம் ஒன்பது. எட்டில் கைப்பிடியே அசையவில்லை. அசைவது இது ஒன்றுதான். மாதங்களுக்கு முன்பு முதல் தடவை அவள் அடித்தபோது தண்ணீர்கூட வந்தது; அதற்குப் பிறகு யாரும் அதை அடிக்கவில்லை.

சந்து முனையில் லாரி வந்து நின்றது. நகர மன்ற அதிகாரி சேவியர் கோப்போடு இறங்கினார்.

"ரூல் தெரியும்ல தர்ஷினி? தண்ணி வந்தா பம்பு இங்கேயே இருக்கும். வரலேன்னா இன்னிக்கே கழட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோயிடுவோம்."

"ஏன் சார் இவ்வளவு அவசரம்?"

"கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு லா. ஒருத்தர் மூணு வருஷமா எழுதுறாரு. பதினொரு லெட்டர்! ஒரு சொட்டுத் தண்ணி வராத துருப்பிடிச்ச இரும்பு, வழிய அடைச்சிக்கிட்டு நிக்குதாம்."

"யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"பேரெல்லாம் நான் சொல்லக்கூடாது."

சிவதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனசாட்சியே இல்லாத ஆளு! பாருங்க அங்கிள், இப்படியும் இருக்காங்க."

"டீ ஆறுது, குடிம்மா," என்றார் அங்கிள். எவ்வளவு பெருந்தன்மை!

அவள் குவளையை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். கிரீச் கிரீச் என்று சத்தம்தான் வந்தது. இருபது தடவை அடித்தும் காற்றுதான் வந்தது. எட்டு மாத உழைப்பு கண்ணெதிரே போகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"நான் பார்க்கிறேன்," என்று சேவியர் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தார். அவர் அடித்த அடியில் பம்பே ஆடியதுதான் மிச்சம்.

லாரிக்காரர்களும் ஆளுக்கு ஒரு கை பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. அங்கிள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுளித்தது.

"வலிக்குது போல," என்று பரிதாபப்பட்டாள் சிவதர்ஷினி.

"சாரி தர்ஷினி." சேவியர் பேனாவைத் திறந்தார். "நாட் வொர்க்கிங்னு எழுதிடுறேன்."

"கடைசியா ஒரு தடவை சார், ப்ளீஸ்!" அவள் மறுபடி பாய்ந்து கைப்பிடியில் தொங்கித் தொங்கி இழுத்தாள்.

"ஐயோ!" என்று ஒரு கத்தல். அங்கிள்தான். "அது என்ன பம்பா, உரலா? இப்படியா போட்டு இடிப்பாங்க? தள்ளு, தள்ளு!"

தோள் துண்டை உதறிப் போட்டுவிட்டு, கடைக்குள் ஓடி ஒரு வாளி தண்ணீரோடு வந்தார்.

"சும்மா கிடந்த பம்புல உள்ள இருக்கிற தோல் வாஷர் காஞ்சிருக்கும். மொதல்ல அதுக்குக் குடிக்கக் கொடுக்கணும். அப்புறம்தான் அது நமக்குக் கொடுக்கும். சின்ன வயசுல தினம் இதுலதான் தண்ணி பிடிச்சேன், எனக்குத் தெரியாதா? இதுகூடத் தெரியாம படிச்சவங்கன்னு வந்துட்டாங்க! நீ மேல ஊத்திக்கிட்டே இரு, நிறுத்தாத."

அவள் பம்பின் தலையில் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அவர் குட்டிக் குட்டியாக, வேகமாக அடித்தார். காற்று கொப்பளித்தது. கைப்பிடி கனத்தது. அவர் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

குபுக்கென்று செம்பழுப்பாக வந்தது. பிறகு தெளிந்து, வாளி நிறைந்து, சந்தெல்லாம் ஓடியது. கூட்டம் கை தட்டியது. யாரோ காலை நனைத்துக்கொண்டார்கள். சிவதர்ஷினி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நனைந்ததில்லை.

"வொர்க்கிங்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார் சேவியர். லாரியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"அங்கிள், நீங்கதான் இத காப்பாத்தினீங்க!"

அங்கிள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. லாரி சந்து முனையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். போகிற லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பம்பைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைத் துடைத்தபடி சேவியரிடம் வந்தார்.

"சார், என்னோட அந்தப் பதினொரு கடுதாசியையும் கிழிச்சுப் போட்டுடுங்க. இந்த எடத்துல ரெண்டு மேசை போடலாம்னு ஆசைப்பட்டு எழுதினது. என்ன செய்ய, கண்ணெதிர ஒருத்தர் பம்ப தப்பா அடிச்சா, கை சும்மா இருக்கமாட்டேங்குதே!"