ஜரிகை ஈ

கொக்கியில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிப் பொய் ஈ கட்டி, அதைக் காட்டியே மீன் பிடிப்பதில் நகரி முனிகிருஷ்ணனை மிஞ்ச ஆளில்லை. தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போடும் படங்களைப் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தேயிராத சத்தியவேடு ஹரிபிரசாத் போனில் நச்சரித்தான்.

"அண்ணா, உங்க ஈயில இன்னா சூட்சுமம் கீது?"

முனிகிருஷ்ணனுக்குக் குறும்பு தலைதூக்கியது.

"பொண்டாட்டியோட கல்யாணப் புடவை ஜரிகைய உருவி, இறகோட சேத்துக் கட்டுப்பா. கடை ஜரிகைன்னா மீனு திரும்பிக்கூடப் பாக்காது."

பையன் வீட்டில் ரகளைதான் என்று சிரித்தபடி காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்ததோ கூடை நிறையக் கெண்டை மீன் படம். 'எல்லாம் முனி அண்ணன் சொன்ன ஜரிகை ஈ!' குழுவே ஹரிபிரசாத்தைக் கொண்டாடியது.

முனிகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டதோ? மனைவி மஞ்சு கடைக்குப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தார். புடவைக் கரையில் ஊசியை விட்டு ஜரிகையை உருவிக்கொண்டிருக்கும்போதே அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"எங்க நைனா கல்யாணத்துக்குத் தறியில நெஞ்ச புடவைய இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

வாங்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர் போன் போட்டார்.

"தம்பி, உன் பொண்டாட்டிய எப்படிப்பா சமாளிச்ச?"

மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"மீனு புத்தூர் மார்க்கெட்ல வாங்கினதுண்ணா. எனக்கு ஏது பொண்டாட்டி? இன்னும் பொண்ணே பாக்கல!"