மின்னஞ்சலின் வேகம்

தொலைக்கல்வியில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் படிக்கும் ஜெகதீஸ், மனைவிக்கு மின்னஞ்சலை விளக்கிக்கொண்டிருந்தான்.

"செய்தியைத் துண்டுதுண்டாக்கி அனுப்பும். ஒரு வழி அடைச்சால் மற்ற வழியாலை போகும். கண்மூடித் திறக்கமுன்னம் லண்டனிலை நிக்கும்."

"உங்கட சோதினை அனுமதி அட்டை இன்னும் வரேல்லையே?" என்றாள் ஜெனீற்றா.

"அதைத் தபாலிலையெல்லோ அனுப்பினவை. ஆமை வேகம்!"

ஜெனீற்றா தபாற்கந்தோருக்குப் போய், கடிதத்தோடு திரும்பினாள். ஜெகதீஸ் அவசரமாகப் பிரித்தான். அட்டையிலிருந்த திகதிப்படி கடைசிப் பரீட்சை நேற்றே முடிந்திருந்தது.

"மூண்டு வருசப் படிப்பு! ஆர் இதை மறிச்சு வைச்சவன்?"

"தீவுக்கு லோஞ்சுப் படகிலை வந்து பத்து நாளாம். வீட்டை கொண்டுவந்து தர ஆளில்லையாம்."

"ஏனாம்?"

"எங்கட பக்கத்துக்கு ஒரேயொரு தபால்காரர்தானே. அவர் சோதினைக்குப் படிக்கவெண்டு லீவிலை நிக்கிறாராம்."

ஜெகதீஸ் சுவரைப் பார்த்தான். அவனுடைய காக்கிச் சட்டையும் தபால் பையும் இரண்டு வாரமாக அதே ஆணியில்தான் தொங்கின.