காக்கா சாட்சி

தரையிறங்கும் விண்கலமான லேண்டரை வடிவமைக்கும் பூங்கோதை நிலவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாலே அவள் அப்பா தணிகாசலம் சண்டைக்கு வருவார்.

"தங்கத் தாள் சுத்தின உன் லேண்டர் பெட்டி பறக்குமாக்கும்? மூக்குகூட கூரா இல்ல."

"இங்க காத்தே இல்லப்பா, கூர் எதுக்கு? அந்தத் தாள் வெயிலுக்காக."

"ஒவ்வொரு கேள்விக்கும் யோசிச்சுதான பதில் சொல்ற. நீ மெஷின்தான்."

"நான் பேசுறது அங்க வந்துசேர நேரமாகும்பா. நான் உங்க மக."

"என் மக செத்துட்டா. மறைக்கிறாங்க."

அவர் சற்று நகர்ந்தார். பின்னால் மாலை போட்ட படத்தில் இருந்தது பூங்கோதையின் முகம்.

"காலையில அவளுக்குப் பிண்டம் வெச்சுக் கூப்பிட்டேன். உடனே காக்கா வந்து எடுத்துச்சு. என் மக உன்ன மாதிரி யோசிச்சுக்கிட்டு நிக்க மாட்டா."