முதல் பெஞ்சு

"இது மூன்றாம் ஓலை" என்றார் குருவானவர்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

கல்யாண அறிவிப்பை இரண்டு ஞாயிறு சபையில் வாசித்தாயிற்று. இன்றும் வாசித்துவிட்டால் தீர்ந்தது. வருகிற வியாழக்கிழமை இதே கோயிலில் மகள் எப்சிபாவுக்குக் கல்யாணம்.

குருவானவர் மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். ஆல்ட்ரின் சாம்ராஜ். பெயருக்குப் பின்னால் படிப்பு. படிப்புக்குப் பின்னால் கம்பெனி. கம்பெனிக்குப் பின்னால் மஸ்கட். கல்யாண ஓலையில் இதெல்லாம் எழுதுகிற வழக்கம் இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா சபைச் செயலாளர். வழக்கம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையின் முதல் பெஞ்சில் செயலாளர் இருந்தார். ஏசுவடியான். கஞ்சி போட்ட சட்டைக்குள் நெஞ்சு வழக்கத்தைவிட ஏறியிருந்தது.

பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சு அவளுடையது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"எப்ப எழும்பணும், எப்ப இருக்கணும்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. முதல் பெஞ்சப் பாத்துதான் சபை எழும்பும். கவனமா இருந்துக்க, கேட்டியா?"

இத்தனை வருடமும் கவனமாகத்தான் எழும்பினாள். கவனமாகத்தான் உட்கார்ந்தாள்.

இன்று பக்கத்து இடம் காலி. ஓலை வாசிக்கும்போது பெண் கோயிலில் இருந்தால் கண் பட்டுவிடும் என்று மகளை வீட்டில் விட்டுவரச் சொல்லிவிட்டார். கர்த்தரை நம்புகிறவர்தான். ஊர்க்கண்ணையும் கொஞ்சம் நம்புவார்.

காலையில் அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எப்சிபா கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"ஆல்ட்ரினுக்கு மணிக்கொருக்க எங்க இருக்கேன்னு போட்டோ அனுப்பணுமாம்மா. நேத்து பாட்டுப் பயிற்சியில இருந்து அனுப்பினேன். பக்கத்துல நிக்கிறவன் எவன்னு கேட்டு அந்த ஏச்சு ஏசினான்."

"யாரு நின்னா?"

"ஆர்கன் தாத்தா."

தாத்தாவுக்கு எண்பது நெருங்குகிறது. வாயில் இருப்பது கட்டின பல்.

எப்சிபா சிரிக்கவில்லை. "எனக்கு இது வேண்டாம்மா. பயமா இருக்கு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னாள். முழுவதும் கேட்டார். "அக்கறையுள்ள பையன்" என்றார். ஓலையை நிறுத்தினால் என்ன என்று கேட்டதற்குத்தான் கோபம் வந்தது.

"பிஷப் வாற கல்யாணத்த எவன்டி நிறுத்துவான்?"

குருவானவரின் குரல் உயர்ந்தது.

"இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்கு நியாயமான தடை உண்டென்று உங்களில் யாராவது அறிந்தால், இப்பொழுதே அறிவிக்கக்கடவீர்கள்."



மற்றவர்கள் வீட்டு ஓலைக்கு இந்த இடத்தில் குருவானவர் ஒரு மூச்சு விடுவார். அவ்வளவுதான். செயலாளர் வீட்டு ஓலைக்கு அது போதாது. "நல்லா நிறுத்தி வாசிங்க ஐயா. அவசரப்பட்டா எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும். ஒரு வாய் திறக்காதுன்னு சபை பாக்கட்டும்" என்று ஏசுவடியான் சொல்லிவைத்திருந்தார்.

குருவானவர் நன்றாக நிறுத்தினார்.

மின்விசிறிகள் சுற்றின. ஒவ்வொரு இறக்கையிலும் 'அன்பளிப்பு' என்று போட்டு ஏசுவடியானின் பெயர். சுற்றும்போது படிக்க முடியாது. அதனாலேயே மின்வெட்டை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது பெஞ்சில் நாத்தனார் ஞானசெல்வம். யார் வீட்டு ஓலையிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவள். போன வருடம் ஒரு மாப்பிள்ளையின் வயதைச் சபை நடுவே எழும்பித் திருத்தியவள். அந்த வாய்க்கு அவள் பயந்து பயந்தே காலம் போயிற்று. இன்று அந்த வாயைத்தான் கெஞ்சிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொடுத்த பட்டின் கரையை நீவிக்கொண்டிருந்தாள் ஞானசெல்வம்.

குருவானவரின் விரல் தாளின் ஓரத்துக்குப் போனது.

அவள் எழும்பினாள்.

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. இன்னொன்று. பிறகு எல்லாம். சபை மொத்தமும் எழும்பி நின்றது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடப் பாட்டுப் புத்தகத்தைத் தேடினார்.

அவள் வாயைத் திறந்தாள்.

செயலாளர் வீட்டம்மா பாடவே தொடங்கிவிட்டார் என்று பதறிப்போய் ஆர்கன் தாத்தா கட்டையில் கை வைத்தார்.

ஆர்கன் முழங்கியது. அவள் சொன்ன முதல் சொல் அதற்குள் போயிற்று.

ஏசுவடியானும் வேறு வழியில்லாமல் எழும்பியிருந்தார். குருவானவரைப் பார்த்து, பொம்பளைகள் அப்படித்தான் என்பதுபோல் ஒரு சிரிப்பு. அவளைப் பார்த்து, மடியருகே கையைத் தாழ்த்தி ஒரு சைகை.

இரு.

அவள் உட்கார்ந்தாள்.

சபையும் வரிசை வரிசையாக உட்கார்ந்தது. ஆர்கன் பாதியில் இழுத்து நின்றது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

குருவானவர் தாளைத் திருப்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, மகள் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மறுபடியும் எழும்பினாள்.

இந்த முறை ஒரு பெஞ்சும் கிறீச்சிடவில்லை.

ஆர்கன் தாத்தா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் குருவானவர்.

ஏசுவடியான் எழும்பப் பார்த்தார். பிறகு உட்காரப் பார்த்தார். முழங்கால் பாதியில் நிற்க, எது சரி என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பி, முதன்முறையாகச் சபையைப் பார்த்தார்.